போன் திரைக்கு எத்தனை பிக்சல் போதும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவுக்கும் பேட்டரிக்கும் அடுத்தபடியாகக் குழம்புவது திரை விஷயத்தில்தான். எச்டி பிளஸ் போதுமா, ஃபுல் எச்டி பிளஸ் வேண்டுமா, 2கே என்று போட்டிருக்கிறதே, அதற்கு இன்னும் பணம் சேர்த்துக் கொடுக்கலாமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுல் எச்டி பிளஸ் வரை கொடுக்கிற காசுக்குப் பலன் கண்ணில் தெரியும். அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் வீண். அதற்குக் கீழே இறங்கலாமா என்பது, அந்தப் போனில் யார் என்ன படிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே உள்ள பதில்களில் இருக்கிறது.

எச்டி, எச்டி பிளஸ், ஃபுல் எச்டி பிளஸ், 2கே என்பதெல்லாம் என்ன?

திரையில் குறுக்கே எத்தனை பிக்சல், நெடுக்கே எத்தனை பிக்சல் என்ற கணக்குதான். டிவி உலகத்தில் 1280 × 720 என்றால் எச்டி, 1920 × 1080 என்றால் ஃபுல் எச்டி, 3840 × 2160 என்றால் 4கே. போன்கள் ஒல்லியாக, நீளமாக ஆனபிறகு நெடுக்கே கொஞ்சம் பிக்சல் கூடியது, அதற்குத்தான் 'பிளஸ்'. இப்போதைய போன்களில் எச்டி பிளஸ் என்றால் பெரும்பாலும் 720 × 1600, ஃபுல் எச்டி பிளஸ் என்றால் 1080 × 2400. அதற்கு மேலே 1440 × 3200 ஒட்டி வருவதைக் குவாட் எச்டி பிளஸ் என்பார்கள். விளம்பரத்தில் 2கே என்று போடுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

இதில் ஏமாற வாய்ப்பு உண்டு. '120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே' (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் போனில், 720 என்ற எண் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பெயர்களை விட்டுவிடுங்கள். இரண்டு எண்களில் சின்ன எண் எது என்று மட்டும் பாருங்கள்: 720, 1080 அல்லது 1440.

பிக்சல் எண்ணிக்கை முக்கியமா, பிபிஐ முக்கியமா?

பிபிஐ. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் அடைத்திருக்கிறது என்பது அது. அதே 720 × 1600, 5 அங்குலத் திரையில் நெருக்கமாக இருக்கும், 6.7 அங்குலத் திரையில் பரந்துவிடும். இன்றைய 6.7 அங்குல எச்டி பிளஸ் போனில் சுமார் 262 பிபிஐ. அதே அளவில் ஃபுல் எச்டி பிளஸ் என்றால் 393. 6.8 அங்குலத்தில் குவாட் எச்டி பிளஸ் என்றால் 516.

2012-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்3-இல் 4.8 அங்குலத் திரை, 1280 × 720, அதாவது 306 பிபிஐ. இன்று கையில் கிடைக்கும் குறைந்த விலை எச்டி பிளஸ் போன்களின் பிக்சல் நெருக்கம் அதைவிடக் குறைவு. திரை வளர்ந்தது, பிக்சல் அந்த அளவுக்கு வளரவில்லை.

300 பிபிஐக்கு மேல் மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்த எண் பரவியது 2010 ஜூனில் ஐபோன் 4 வந்தபோது. முதல் ஐபோனில் 3.5 அங்குலத் திரையில் 320 × 480 பிக்சல், 163 பிபிஐ. ஐபோன் 4-இல் அதே 3.5 அங்குலத்தில் 640 × 960, 326 பிபிஐ. அதற்கு 'ரெட்டினா' என்று பெயர் வைத்து அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், 10 முதல் 12 அங்குல தூரத்தில் பிடித்தால் கண்ணின் எல்லை சுமார் 300 பிபிஐதான் என்றார்.

அந்தக் கணக்குக்கு ஆதாரம் கண் ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் எழுத்து அட்டை. ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862-இல் உருவாக்கியது. 6/6 பார்வை என்று சீட்டில் எழுதித் தருகிறார்களே, அதன் அர்த்தம்: ஒரு பாகையை (டிகிரியை) அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை (ஆர்க் மினிட்) அளவு நுணுக்கத்தை அந்தக் கண் பிரித்தறியும். இதைப் போனுக்குப் பொருத்தினால் எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. 8,700-ஐ, நீங்கள் போனைப் பிடிக்கும் தூரத்தால் (சென்டிமீட்டரில்) வகுங்கள்; அந்தத் தூரத்துக்குப் போதுமான பிபிஐ வரும். 30 செ.மீ. என்றால் 290 பிபிஐ. 40 செ.மீ. என்றால் சுமார் 218. 25 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 350.

ஆனால் 6/6 என்பது நல்ல பார்வைக்கான குறைந்தபட்ச அளவு, உச்சம் இல்லை. இளம் வயதில், சரியான கண்ணாடியோடு, பலருக்கு அதைவிடக் கூர்மையான பார்வை இருக்கும். ஐபோன் 4 வந்த வேகத்திலேயே ரேமண்ட் சொனீரா என்ற திரை வல்லுநர் இதைச் சுட்டிக்காட்டினார்; 12 அங்குல தூரத்துக்கு 477 பிபிஐ வேண்டும் என்பது அவர் கணக்கு. 2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மெட்டா நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆட்களை உட்காரவைத்து அளந்து வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியே வருகிறது: கண் பிரித்தறியும் எல்லை கறுப்பு வெள்ளையில் ஒரு பாகைக்கு 94 பிக்சல், சிவப்பு பச்சையில் 89, மஞ்சள் ஊதாவில் 53. போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 94 என்பது சுமார் 456 பிபிஐ.

சரி, இதையெல்லாம் வைத்து என்ன முடிவுக்கு வருவது? 393 பிபிஐ உள்ள ஃபுல் எச்டி பிளஸ் போனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 6/6 கணக்குப்படி, 22 செ.மீ.க்கு அப்பால் அதன் பிக்சல்கள் பிரிந்து தெரியாது. கடுமையான கேம்பிரிட்ஜ் கணக்குப்படி பார்த்தாலும் 35 செ.மீ.க்கு அப்பால் தெரியாது. நாம் போனைப் பிடிப்பதே 30, 35 செ.மீ. தூரத்தில்தான். ஆக, மிகக் கூர்மையான கண்ணுக்கும் ஃபுல் எச்டி பிளஸ் விளிம்புவரை வந்துவிடுகிறது. 262 பிபிஐ உள்ள எச்டி பிளஸ் போனோ முதல் கணக்குப்படி 33 செ.மீ., இரண்டாவது கணக்குப்படி 52 செ.மீ. கேட்கிறது. அதாவது, நல்ல பார்வை உள்ளவர் வழக்கமான தூரத்தில் பிடித்தால் அதில் எழுத்தின் ஓரங்கள் பிசிறடிப்பது தெரியத்தான் செய்யும்.

படிப்பதற்காக மட்டுமே செய்யப்படும் கிண்டில் பேப்பர்வைட் 2015-இல் 300 பிபிஐக்கு வந்தது. அதற்குப் பிறகும் அந்த எண்ணை அமேசான் உயர்த்தவில்லை. புத்தகம் படிக்க அது போதும் என்பதை அதில் படித்தவர்கள் அறிவார்கள்.

தமிழில் படிப்பதற்குத் திரைத் தெளிவு கூடுதலாகத் தேவைப்படுமா?

ஆமாம். விமர்சன வீடியோக்களில் யாரும் இதைத் தொடுவதில்லை. ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டால் நம் எழுத்துக்குள் வளைவும் சுழியும் அதிகம், எல்லாம் சின்னச் சின்ன இடத்தில். இரண்டு சுழி ன-வுக்கும் மூன்று சுழி ண-வுக்கும் வித்தியாசம் ஒரு வளைவு. கி-க்கும் கீ-க்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. கெ, கே அப்படியே. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியோ திரையில் இரண்டு மூன்று பிக்சல்தான்.

வாட்ஸ்அப் செய்தியிலும் செய்தித்தளத்திலும் இது பெரிய தொல்லை இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும். தொல்லை பிடிஎஃப்பில்தான். பட்டா, அரசாணை, டிஎன்பிஎஸ்சி வினாத்தாள், பள்ளிப் பாடநூல் எல்லாம் ஏ4 தாளை மனதில் வைத்து அமைத்தவை. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். அதை முழுசாகத் திரையில் அடக்கினால், 720 பிக்சல் போனில் தாளின் ஓர் அங்குலத்துக்குக் கிடைப்பது 87 பிக்சல். 12 பாயின்ட் எழுத்துக்கு மொத்த உயரம் 14 பிக்சல் சொச்சம். மேலே (கி, கீ-இல் வரும்) விலங்குக்கும் கீழே இறங்கும் கால்களுக்கும் இடம் போனால், எழுத்தின் உடலுக்கு ஏழெட்டுப் பிக்சல் மிஞ்சும். அதற்குள் 'ணை'யை வரையச் சொன்னால் திரை என்ன செய்யும்? சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், மெய்யின் புள்ளி சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். 1080 பிக்சல் போனில் அதே எழுத்துக்கு 22 பிக்சல் கிடைக்கிறது. சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் ன எது, ண எது என்று தெரியும்.

போட்டித் தேர்வுக்குப் போனிலேயே படிக்கிற பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். லேப்டாப்புக்கு வழியில்லாமல் நாள் முழுக்க அந்த ஆறரை அங்குலத்தில் பாடநூல் பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, இடதும் வலதும் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வாங்கித் தருவதாக இருந்தால், கேமராவில் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்தாவது 1080 திரை உள்ள போனாக வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே 720 போன்தான் கையில் இருக்கிறதா? போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் படியுங்கள். தாளின் அகலத்துக்கு 1600 பிக்சல் கிடைத்துவிடும். வரி கொஞ்சம்தான் தெரியும், ஆனால் தெளிவாகத் தெரியும்.

வீடியோ பார்க்க எச்டி பிளஸ் போதாதா?

போதும். வீடியோ விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கண் எளிதில் திருப்திப்படும். அசையும் படத்தில் ஓரங்களின் பிசிறு நிலைத்து நிற்காது. நாமும் வீடியோ பார்க்கும்போது எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்ந்து பார்ப்பதில்லை.

நாடே இதைச் சோதித்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நெட்வொர்க் நெரிசலைக் குறைக்க நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், ஹாட்ஸ்டார், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடிப் பேசி, மொபைல் டேட்டாவில் 480பி-க்கு (படத்தின் உயரம் 480 பிக்சல்) மேல் தருவதில்லை என்று முடிவெடுத்தன. அந்த நாட்களில் கோடிக்கணக்கானவர்கள் எவ்வளவு படம் பார்த்தார்கள் என்று நமக்கே தெரியும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டமும் 480பி-தான்.

நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை போகும், எச்டியில் 3 ஜிபி வரை. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவருக்கு ஃபுல் எச்டி திரை இருந்தும், ஓடப்போவது பெரும்பாலும் 480பி-யோ 720பி-யோதான்.

ஒரு சின்ன உபாயம்: யூடியூபில் 720 திரை உள்ள போனிலும், வைஃபை இருக்கும்போது 1080பி கொடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தெளிவு கூடும். பிக்சல் கூடியதால் இல்லை. 1080பி கோப்புக்கு நொடிக்கு அதிக டேட்டா ஒதுக்கியிருப்பதால், இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது குறையும்.

ஃபுல் எச்டி போன் வாங்கியும் ஓடிடியில் படம் மங்கலாக ஓடுகிறது. ஏன்?

அநேகமாக வைட்வைன் காரணமாக இருக்கும். படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் காக்கும் கூகுளின் பூட்டு அது. அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 சான்று உள்ள போனுக்குத்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டி தரும். எல்3 என்றால், திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 480பி-யில் நின்றுவிடும். நெட்ஃபிளிக்ஸ் செயலிக்குள் 'ஆப் செட்டிங்ஸ்', அதற்குள் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தில் உங்கள் போன் எந்த நிலை என்று காட்டும். படம் பார்ப்பதற்காகவே போன் வாங்குகிறீர்கள் என்றால், திரை எண்ணுக்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

அமோலெட் என்றால் எச்டி பிளஸ்ஸிலேயே நன்றாக இருக்குமாமே?

அமோலெட் என்பது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை. அதில் நிறமும் கருமையும் நன்றாக இருக்கும். எழுத்து நன்றாக இருக்காது. இதற்குக் காரணம் பிக்சலுக்குள் இருக்கிறது.

போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையின் மேல் ஊசிமுனை அளவு தண்ணீர்த் துளி ஒன்றை வையுங்கள். துளி லென்ஸ் மாதிரி வேலை செய்யும். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளாகத் தெரியும். பின்விளக்கு வெளிச்சத்தில் படம் காட்டும் எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் முழுசாக இருக்கும். போன்களில் வரும் பெரும்பாலான அமோலெட்டுகளில் அப்படி இல்லை. பச்சை மட்டும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்று. சிவப்பும் நீலமும் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. பென்டைல் அமைப்பு என்பது இதுதான். அதனால் பெட்டியில் 286 பிபிஐ என்று போட்டிருந்தாலும், சிவப்பு நீலத்தின் நெருக்கம் சுமார் 202-தான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறப்பிசிறு தெரிவது இதனால்தான்.

அந்த 286 பிபிஐ, 2019-இல் ஷாவ்மி இங்கே 12,999 ரூபாய்க்கு விட்ட மி ஏ3-உடைய கணக்கு. 6 அங்குலச் சொச்ச அமோலெட், 720 × 1560. அதைத் திரைக்காகவே பலர் குறை சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஐபோன் எக்ஸ்ஆர் இந்தியாவில் 76,900 ரூபாய்க்கு வந்தது. அதன் திரையில் குறுக்கே வெறும் 828 பிக்சல். ஆனால் அது எல்சிடி. 326 பிபிஐயும் மூன்று நிறமும் முழுசாக. பயன்படுத்தியவர்களில் எழுத்து மங்கல் என்று சொன்னவர்கள் குறைவு. ஆக என் அளவுகோல் இது: எல்சிடி என்றால் 300-க்கு மேல், அமோலெட் என்றால் 390-க்கு மேல்.

பிக்சல் கூடினால் பேட்டரி சீக்கிரம் தீருமா?

தீரும், ஆனால் எவ்வளவு என்பது போனுக்குப் போன் மாறும். 720 × 1600 என்றால் 11.5 லட்சம் பிக்சல். 1080 × 2400 என்றால் கிட்டத்தட்ட 26 லட்சம், அதாவது 2.25 மடங்கு. 1440 × 3200 என்றால் 46 லட்சம், 4 மடங்கு. ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் சிப் அத்தனைக்கும் நிறம் கணக்கிட வேண்டும். கேம் விளையாடும்போது இந்தச் சுமை அதிகம் தெரியும். எல்சிடியில் இன்னொரு செலவும் உண்டு: பிக்சல்கள் நெருங்க நெருங்க அவற்றுக்கு இடையிலான கம்பிகளும் அதிகமாகி, பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை மறைக்கும். அதை ஈடுகட்டப் பின்விளக்கைக் கூட்ட வேண்டும்.

இதனால்தான், குறைந்த விலைச் சிப் போட்ட போனில் 1080 திரை இருந்தால் சில நேரம் திக்கித் திணறும். 720 அங்கே வேகத்துக்கு உதவுகிறது. கேம் விளையாடுவதே முக்கியம், கையில் இருப்பது குறைந்த பட்ஜெட் என்றால் எச்டி பிளஸ் போனை வாங்குவதில் தவறே இல்லை.

அப்புறம் ஏன் கம்பெனிகள் 2கே, 4கே என்று போட்டிபோட்டன?

எண் விற்கும் என்பதால். அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2013-இல் கேலக்ஸி எஸ்4 5 அங்குலத்தில் ஃபுல் எச்டி கொடுத்தது, 441 பிபிஐ. என்னைக் கேட்டால் தேவை அங்கேயே முடிந்துவிட்டது. 2014-இல் எல்ஜி ஜி3 538-க்குப் போனது. 2015-இல் சாம்சங் எஸ்6-இல் 577. அதே ஆண்டு சோனி எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம் 5.5 அங்குலத்தில் 4கே கொண்டுவந்தது, 806 பிபிஐ. அந்தப் போனோ பெரும்பாலான நேரம் 1080-இல்தான் ஓடியது. புகைப்படமும் வீடியோவும் பார்க்கும்போது மட்டும் 4கே.

ஒரு நியாயமான காரணமும் அப்போது இருந்தது: போனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் செருகிப் பார்க்கும் விஆர் (மெய்நிகர் காட்சி). 2014-இல் சாம்சங் கியர் விஆர், கூகுள் கார்ட்போர்டு இரண்டும் வந்தன. அங்கே லென்ஸ், திரையைப் பார்வை முழுக்கப் பரப்பிவிடும். 2560 பிக்சலில் பாதி ஒரு கண்ணுக்கு. அது 90 பாகைக்கும் மேல் விரிந்தால் பாகைக்கு 14 பிக்சல்தான் தேறும். கண் 94 கேட்கும் இடத்தில் 14! விஆருக்கு 4கே-யும் பத்தாது என்பது உண்மை. ஆனால் போனைச் செருகிப் பார்க்கும் அந்த வழக்கம் நிலைக்கவில்லை. 2019-இல் கூகுள் தன் டேட்ரீம் ஹெட்செட் விற்பனையை நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2017-இல் கேலக்ஸி எஸ்8-ஐ 1440 திரையோடு விற்ற சாம்சங், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அதை 1080-இல் செட் செய்து அனுப்பியது. 2020-இல் எஸ்20-இல் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 1080-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். 2021-இல் எஸ்21-இல் திரையையே 1080 ஆக்கிவிட்டது. 563 பிபிஐ 421 ஆனது. சோனியும் 2024-இல் எக்ஸ்பீரியா 1 VI-இல் 4கே-யைக் கைவிட்டு 1080-க்கு வந்தது. திரையைச் செய்கிறவர்களே இறங்கி வந்த எண்ணுக்கு நாம் ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?

குறைந்த பிக்சல் திரை பார்த்தால் கண் கெட்டுப்போகுமா?

கெடாது. மங்கலான எழுத்தை உற்று உற்றுப் படித்தால் கண் களைக்கும், அவ்வளவுதான். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதாலும், மிக அருகில் பிடிப்பதாலும்தான் எரிச்சலும் வறட்சியும் வருகின்றன. சிலருக்கு அமோலெட்டில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் தலைவலி வரும். அங்கே வெளிச்சத்தைக் குறைப்பதற்காகத் திரை வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. அதற்கும் பிக்சலுக்கும் சம்பந்தம் இல்லை.

720-இல் 120 ஹெர்ட்ஸ், 1080-இல் 60 ஹெர்ட்ஸ். ஒரே விலை. எதை எடுப்பது?

படிப்பவர் என்றால் யோசிக்காமல் 1080. விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போவது 120 ஹெர்ட்ஸின் சுகம். தள்ளி முடித்து நிறுத்திப் படிக்கும் நேரத்தில் அது உதவாது. கேமும் ரீல்ஸும்தான் வேலை என்றால் 720-ஐ எடுக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு வாங்குகிறேன். எச்டி பிளஸ் போதுமா?

தாராளமாகப் போதும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. போனை நீட்டிப் பிடிப்பார்கள், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். 45 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 6/6 பார்வைக்கே 193 பிபிஐ போதும் என்று மேலே சொன்ன கணக்கே காட்டும். எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு எழுத்துக்கு அதிக பிக்சலும் கிடைத்துவிடுகிறது.

அவர்களுக்குப் பார்க்க வேண்டியது வேறு. வெயிலில் நின்று பேருந்து வருகிறதா என்று பார்க்கும்போதும், மருந்துக் கடை வாசலில் ஜிபே போடும்போதும் திரை தெரிய வேண்டும். அதனால் வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று பாருங்கள். 400-க்கும் 800-க்கும் வித்தியாசம் அவர்கள் முகத்தில் தெரியும். ஸ்பீக்கர் சத்தம், சேமிப்பிடம், பேட்டரி, இவற்றுக்குக் காசைக் கொடுங்கள். அப்பா தினமும் செய்தித்தாளை பிடிஎஃப்பில் படிக்கிறவர் என்றால் மட்டும் 1080 வாங்கிக் கொடுங்கள்.

கேமரா 50 மெகாபிக்சல். திரை எச்டி பிளஸ் என்றால் படத்தின் தெளிவு வீணாகிவிடாதா?

ஃபுல் எச்டி பிளஸ் திரையே 2.6 மெகாபிக்சல்தான். எந்தப் போனிலும் படம் சுருங்கித்தான் தெரிகிறது. படம் கோப்பில் முழுசாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும்போதும் பிரின்ட் போடும்போதும் அது வெளிவரும். நண்பர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் எச்டி என்ற பொத்தானைத் தட்ட மறக்காதீர்கள். அது 2023-இல் வந்தது. தட்டாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

திரை உடைந்தால் செலவு எப்படி?

எச்டி பிளஸ் எல்சிடி காம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்தது) மலிவு, அநேகமாக எல்லா சர்வீஸ் கடையிலும் கிடைக்கும். அமோலெட் காம்போ பல மடங்கு. அதனால் சில இடங்களில் அமோலெட்டுக்குப் பதிலாக எல்சிடி டூப்ளிகேட்டை மாட்டிவிடுவார்கள். மாற்றிய பிறகு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் பாருங்கள். கறுப்பு சாம்பலாக ஒளிர்ந்தால் உள்ளே இருப்பது எல்சிடி.

கடையில் நின்று எப்படிச் சோதிப்பது?

ஷோரூமில் ஓடும் டெமோ வீடியோவைப் பார்க்காதீர்கள். அது நிறத்துக்காக எடுத்தது, எல்லாத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டெமோ போனில் ஒரு தமிழ் பிடிஎஃப்பைத் திறங்கள். பள்ளிப் பாடநூல் பக்கம் ஒன்று போதும். பக்கம் முழுசாகத் திரையில் அடங்கும்படி வைத்து, நீங்கள் வீட்டில் பிடிக்கும் தூரத்தில் பிடித்து, ண, ன, கீ, கே வரும் சொற்களைப் படியுங்கள். அடுத்த விலையில் இருக்கும் போனிலும் அதே பக்கத்தைத் திறங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். தெரியவில்லை என்றால் குறைந்த விலைப் போனையே பில் போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே 1440 திரைப் போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, ஸ்கிரீன் ரெசல்யூஷன் போய் ஒரு வாரம் 1080-இல் வைத்துப் பாருங்கள். பல போன்களில் இந்த வசதி இருக்கிறது. வித்தியாசம் தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.